விக்டோரியாவிலிருந்து எண்டெவர் வரை: ஆப்பர்ச்சூனிட்டியின் பின்னால் போன மூன்று வருடம்

இங்கே நிறைய பேர் செவ்வாயில் ரோவர்கள் (தரையில் ஓடி ஆராயும் ஆளில்லா வண்டிகள்) தரையிறங்கிய இரவுகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், பாராசூட் விரிந்தது, கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து கைதட்டியது எல்லாம். எனக்கு அதைவிட நெருக்கமானது, வெளியில் யாரும் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு நீண்ட ஓட்டம். 2008 ஆகஸ்ட் கடைசியில் செவ்வாயில் விக்டோரியா பள்ளத்திலிருந்து மேலேறி வந்த நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர், 2011 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் எண்டெவர் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டது. நடுவில் கிட்டத்தட்ட மூன்று வருடம், சுமார் 21 கிலோமீட்டர். அந்த வழி முழுக்க நானும் கூடவே போனேன்.

அது சாத்தியமானதற்குக் காரணம் நாசா எடுத்த ஒரு நல்ல முடிவு. ஆப்பர்ச்சூனிட்டியும் அதன் இரட்டை ரோவரான ஸ்பிரிட்டும் அனுப்பிய படங்களை, விஞ்ஞானிகள் பார்த்து முடிக்கட்டும் என்று பூட்டி வைக்காமல், வந்தது வந்தபடி இணையத்தில் போட்டுவிட்டார்கள். பசடேனாவில் ரோவரை இயக்கிய நாசாவின் ஜேபிஎல் ஆய்வக ஆட்கள் எந்தப் படத்தைப் பார்த்து மறுநாள் பாதையை யோசித்தார்களோ, அதே கறுப்பு வெள்ளைப் படத்தை நாமும் பார்க்கலாம். இன்றைக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது, மணல் மேட்டின் எந்தப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்று பார்த்து, நாளைக்கு எங்கே போகும் என்று நாமே கணிக்கலாம். நான் தினமும் அதைத்தான் செய்தேன்.

கிளம்பும்போதே அது வயதான வண்டி. 2004 ஜனவரியில் இறங்கியபோது 90 செவ்வாய் நாள் உழைத்தால் போதும் என்று திட்டமிட்டிருந்தார்கள், இதுவோ ஐந்தாவது வருடம். முன் வலது சக்கரத்தைத் திருப்பும் மோட்டார் 2005லேயே நின்றுபோயிருந்தது. அதே சக்கரத்தை உருட்டும் மோட்டாரும் அவ்வப்போது அதிகமாக மின்சாரம் இழுத்தது, அதனால் பெரும்பாலும் பின்பக்கமாகவே ஓட்டினார்கள். அதன் இயந்திரக் கையின் தோள் மூட்டில் கோளாறு, அதை உள்ளே மடித்து வைக்க முடியாமல் முன்னால் நீட்டியபடியே போக வேண்டியிருந்தது. இந்த நிலையில் 22 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளத்தைக் காட்டி அங்கே போகிறோம் என்றார்கள். திட்டத்தின் தலைமை விஞ்ஞானி ஸ்டீவ் ஸ்குயர்ஸ், போய்ச் சேராமலே போகலாம், ஆனாலும் அறிவியலுக்கு அந்தத் திசைதான் சரி என்ற பொருளில் வெளிப்படையாகவே சொன்னார். அதனாலேயே எனக்கு இந்தப் பயணத்தின் மேல் அவ்வளவு ஈடுபாடு வந்தது என்று நினைக்கிறேன்.

வேகம் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல தரையில் முழு வேகமே நொடிக்கு 5 சென்டிமீட்டர், தானாகப் படமெடுத்து ஆபத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போகும்போது சராசரியாக ஒரு சென்டிமீட்டர்தான். தேர் ஓடுகிற மாதிரி: கொஞ்சம் நகரும், நிற்கும், சக்கரம் வழுக்குகிறதா என்று பார்க்கும், அப்புறம் மறுபடி நகரும். ஒரு நாளுக்கு ஒரு முறைதான் பூமியிலிருந்து கட்டளை போகும், அதில் எழுதியிருப்பதை முடித்துவிட்டு ரோவர் மாலையில் படங்களை அனுப்பும். நூறு மீட்டர் போனால் அது பெரிய நாள்.

நேராகத் தென்கிழக்கே போயிருந்தால் சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பக்கம் மணல் அலைகள் பெரியவை. 2005இல் பர்கேட்டரி என்று பெயர் வைத்த ஒரு மணல் மேட்டில் சக்கரங்கள் புதைந்து, ஒரு மாதத்துக்கு மேல் வெளியே வர முடியாமல் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. அதனால் செவ்வாயைச் சுற்றிய எம்ஆர்ஓ விண்கலத்தின் ஹைரைஸ் கேமரா மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, முதலில் தெற்கும் மேற்குமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். சேர வேண்டிய இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாரக்கணக்கில் போகிற வண்டியைப் பார்ப்பது எனக்குப் பொறுமையின்மையாக இருக்கவில்லை, வரைபடத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் தெரிந்ததால் அது இன்னும் சுவாரஸ்யமாகவே இருந்தது.

நிறைய பேர் அந்தச் சமவெளியில் பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மெதுவாகப் போனதால்தான் அந்த நிலம் பழகியது. வெளிறிய பாறைத் தளம் எங்கே தலைகாட்டும், கரிய மணல் எங்கே தடிக்கும், ப்ளூபெர்ரி என்று அவர்கள் சொல்லும் சின்ன ஹெமடைட் (ஒரு வகை இரும்புத் தாது) உருண்டைகள் எங்கே குவிந்திருக்கும் என்று சில மாதங்களில் கண்ணே சொல்ல ஆரம்பித்துவிட்டது. 2009 ஜூலையில் ஒரு படத்தில், ரோவர் போகிற திசைக்கு எதிர்ப்பக்கம், தனியாக ஒரு கறுப்புக் கல். அதைப் பார்த்துவிட்டு அணி சுமார் 250 மீட்டர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனது! அதுதான் பிளாக் ஐலேண்ட், 60 சென்டிமீட்டர் அளவுள்ள இரும்பு விண்கல், அரை டன் இருக்கும் என்று கணித்தார்கள். அவ்வளவு எடையுள்ள கல் உடையாமல் தரைக்கு வந்திருக்கிறது என்றால், அது விழுந்த காலத்தில் செவ்வாயின் காற்று இன்றைவிட அடர்த்தியாக இருந்திருக்க வேண்டும் என்று விளக்கினார்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

2009 மார்ச் படங்களில் எண்டெவரின் விளிம்பு முதன்முதலில் தெரிந்தது, அடிவானத்தில் லேசாக ஒரு மேடு, அவ்வளவுதான். ரோவர் தாழ்ந்த தரைக்கு இறங்கினால் காணாமல் போகும், ஏறினால் திரும்ப வரும். 2010 முடிவில் சுமார் 90 மீட்டர் அகலமுள்ள சாண்டா மரியா பள்ளத்தை அடைந்து, அங்கே சில மாதம் வேலை பார்த்தது. அதற்குள் செவ்வாயின் மறுபக்கத்தில் ஸ்பிரிட் மௌனமாகியிருந்தது, 2010 மார்ச் 22க்குப் பிறகு அதிலிருந்து செய்தி இல்லை. 2011 மே மாதம் முயற்சியைக் கைவிட்டார்கள். ஆப்பர்ச்சூனிட்டி எண்டெவரில் முதலில் கால் வைத்த இடத்துக்கு ஸ்பிரிட் பாயிண்ட் என்று பெயர் வைத்தபோது நான் அழுதேன்.

அப்புறம் தரையே மாறிவிட்டது. அதுவரை பார்த்ததைவிடப் பழைய பாறைகள். அந்த வருடக் கடைசியில் ஹோம்ஸ்டேக் என்ற ஜிப்சம் நரம்பு கிடைத்தது, பாறை வெடிப்பில் தண்ணீர் ஓடி விட்டுச் சென்ற தாது. மூன்று வருடம் அந்த ஒரே வகைத் தரையைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, முதல் படத்திலேயே இது வேறு என்று பட்டென்று தெரிந்தது.

* * *

மேலே எழுதியவருக்கு நன்றி, படிக்கும்போதே கூட வந்தது போல இருந்தது. என் அனுபவம் இன்னொரு செவ்வாய் ரோவரான கியூரியாசிட்டியோடு. 2013 கடைசியில் ஷார்ப் மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது அதன் சக்கரப் படங்கள் வர ஆரம்பித்தன, அலுமினியத் தோலில் ஓட்டை, கிழிசல். சக்கரம் அரை மீட்டர் பெரியதுதான், ஆனால் அந்தத் தோலின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். அங்கே கூரான கற்கள் தரையோடு இறுகிக் கிடந்தன, சக்கரம் ஏறினால் நகர்ந்து கொடுக்காமல் குத்தின. 900 கிலோ வண்டி. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தேன்.

2014 பிப்ரவரியில் டிங்கோ கேப் என்ற இடைவெளியில் குறுக்கே கிடந்த ஒரு மீட்டர் உயர மணல் மேட்டைத் தாண்டுவது என்று முடிவெடுத்தார்கள், அந்தப் பக்கம் தரை மென்மையாக இருக்கும் என்பதற்காக. மணலில் மாட்டினால் என்ன ஆகும் என்று ஸ்பிரிட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் ஏறி, நின்று, படம் அனுப்பி, பிறகு உச்சி, பிறகு இறக்கம். திரும்பிப் பார்த்து எடுத்த படத்தில் மேட்டின் மேல் இரண்டு தடங்களும் சுத்தமாகத் தெரிந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு கேள்வி. ஆப்பர்ச்சூனிட்டியின் அந்தப் பயணத்தை இப்போது முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் எங்கே ஆரம்பிப்பது?

* * *

நல்ல கேள்வி. சோல் 1634இல் ஆரம்பியுங்கள் (சோல் என்றால் செவ்வாய் நாள், ரோவர் இறங்கியதிலிருந்து எண்ணுவது), விக்டோரியாவிலிருந்து வெளியே வந்த நாள் அது. சோல் 2681 ஸ்பிரிட் பாயிண்ட். வண்ணப் படங்களை விடுங்கள், நாவ்கேம் (வழி பார்க்கும் கறுப்பு வெள்ளைக் கேமரா) படங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள், வண்டி ஓட்டியவர்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் பாதை போட்டார்கள். பக்கத்திலேயே ஹைரைஸ் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் எந்த மணல் அலையை ஏன் சுற்றினார்கள் என்பது உங்களுக்கே பிடிபடும். ஒரே மூச்சில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், ஒரு நாளைக்குச் சில சோல் போதும். முடிந்த பிறகு விட மனமில்லை என்றால் இன்னும் நிறைய வழி இருக்கிறது: 2015 மார்ச் 24இல் மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைக் கடந்தது, 2018 ஜூனில் புழுதிப் புயல் வந்து தொடர்பு அறுந்தபோது மொத்தக் கணக்கு 45.16 கிலோமீட்டர். வழியில் ஏதாவது கல் வித்தியாசமாகத் தெரிந்தால் சோல் எண்ணோடு இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.