எக்ஸ்86 மேல் ஓடும் ஆர்ம் கெஸ்டில் ஏஇஎஸ் மட்டும் ஏன் இவ்வளவு மெதுவு?

இரவாந்தை:
எக்ஸ்86 கணினியில் (ஹோஸ்ட்) க்யூஎமு 7.2 என்ற எமுலேட்டரை வைத்து ஆர்ம்64 லினக்ஸ் ஒன்றை (கெஸ்ட்) ஓட்டுகிறேன். இரண்டும் வேறு வேறு ஜாதி பிராசஸர் என்பதால் கெஸ்ட் கட்டளைகளை நேரடியாக பிராசஸரில் ஓட்டும் கேவிஎம் உதவாது, முழுக்க அவற்றை மொழிபெயர்த்து ஓட்டும் டிசிஜிதான். மற்ற வேலையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் வேகத்தில் நடக்கிறது. ஆனால் கெஸ்டின் டிஸ்க்கை ஏஇஎஸ்-256 என்ற அல்காரிதத்தின் எக்ஸ்டிஎஸ் முறையில் என்கிரிப்ட் செய்திருக்கிறேன், பெரிய ஃபைல் எதையாவது திறந்தால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எது நேரம் தின்கிறது என்று காட்டும் பெர்ஃபை ஹோஸ்டில் போட்டுப் பார்த்தால் உச்சியில் நிற்பதெல்லாம் ஏஇஎஸ் ஹெல்ப்பர் ஃபங்ஷன்கள் (கெஸ்ட் கட்டளையின் வேலையைச் செய்ய எமுலேட்டர் கூப்பிடுபவை). என் பிராசஸரிலேயே ஏஇஎஸ்-என்ஐ (ஏஇஎஸ்ஸுக்கான தனிக் கட்டளைகள்) இருக்கும்போது எமுலேட்டர் ஏன் டேபிளைப் பார்த்து ஒவ்வொரு பைட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறது? ஆர்ம் கட்டளை வந்தால் அதற்கு நேரான எக்ஸ்86 கட்டளையைப் போட்டுவிட வேண்டியதுதானே?

பிட்புரட்டி:
நேரான கட்டளை என்று ஒன்று இல்லை, அதுதான் சிக்கல். அல்காரிதம் ஒன்றே, ஆனால் ஒரு ரவுண்டை (ஏஇஎஸ் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று) எங்கே வெட்டுவது என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. எக்ஸ்86-இன் ஏஇஎஸ்என்க் வரிசைகளை நகர்த்தி, எஸ்-பாக்ஸ் என்ற டேபிளின்படி பைட்டுகளை மாற்றி, நெடுவரிசைகளைக் கலந்து, கடைசியில் கீயோடு எக்ஸ்ஆர் செய்யும். ஆர்மின் ஏஇஎஸ்இ முதலிலேயே கீயோடு எக்ஸ்ஆர் செய்துவிட்டு நகர்த்தலையும் மாற்றலையும் முடித்துக்கொண்டு நின்றுவிடும். நெடுவரிசைக் கலவை ஏஇஎஸ்எம்சி என்ற தனிக் கட்டளையின் வேலை.

ஏஇஎஸ்இ-க்கு வழி சுலபம்: கீயை நீங்களே எக்ஸ்ஆர் செய்துவிட்டு, கீ இருக்கும் இடத்தில் பூஜ்யத்தைக் கொடுத்து கடைசி ரவுண்டுக்கான ஏஇஎஸ்என்க்லாஸ்ட் கட்டளையைப் போடுங்கள், கடைசி ரவுண்டில் கலவை கிடையாது என்பதால் விடை அப்படியே பொருந்தும். ஏஇஎஸ்எம்சி-தான் வேடிக்கை. வெறும் கலவையை மட்டும் செய்ய எக்ஸ்86-இல் கட்டளை இல்லை. அதனால் பூஜ்யக் கீயோடு ஏஇஎஸ்டெக்லாஸ்ட் (டிகிரிப்ட் செய்யும்போது கடைசி ரவுண்டுக்கானது), உடனே அதன்மேல் பூஜ்யக் கீயோடு ஏஇஎஸ்என்க். முதல் கட்டளை நகர்த்தலையும் மாற்றலையும் தலைகீழாகச் செய்யும், இரண்டாவது அவற்றை நேராகச் செய்யும், இரண்டும் அடித்துப்போய் கலவை மட்டும் மிஞ்சும். முதல்முறை இதைப் பார்த்தபோது ஏதோ தப்பு என்றுதான் நினைத்தேன். காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

இதையெல்லாம் நீங்கள் எழுத வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் வந்த க்யூஎமு 8.1-இலேயே இந்த வேலை சேர்ந்துவிட்டது. அப்டேட் செய்யுங்கள்.

கர்னல்கிழவன்:
அப்டேட் செய்தாலும் நேட்டிவ் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏஇஎஸ்-256 என்றால் 14 ரவுண்டு, கடைசி ரவுண்டில் கலவை இல்லை, ஆக 16 பைட் பிளாக் ஒன்றுக்கு ஏஇஎஸ்இ 14 + ஏஇஎஸ்எம்சி 13 = 27 ஹெல்ப்பர் கால். 4096 பைட் செக்டரில் 256 பிளாக், அதாவது 6912 கால். ஹெல்ப்பருக்கு உள்ளே நடக்கும் வேலை ஒன்றிரண்டு கட்டளையாகச் சுருங்கினாலும், ஒவ்வொரு முறையும் கெஸ்ட் ரெஜிஸ்டரை மெமரியிலிருந்து எடுத்து மறுபடி மெமரியில் வைக்கும் செலவு அப்படியே இருக்கும்.

இன்னொன்று, உங்கள் ஹோஸ்டே வேறொரு விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் அதன் சிபியு மாடல் என்ன என்று பாருங்கள். கேவிஎம்64 மாதிரி பழைய மாடல் கொடுத்திருந்தால் ஏஇஎஸ் கட்டளைகள் உண்டு என்று காட்டும் கொடியே தெரியாது, எமுலேட்டரும் சத்தம் போடாமல் டேபிளுக்கே திரும்பிவிடும். லினக்ஸின் சிபியுஇன்ஃபோ ஃபைலில் ஏஇஎஸ் என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஒரு வாரம் இதில் வீணாக்கியவன் சொல்கிறேன்.

பிட்புரட்டி:
@கர்னல்கிழவன் அந்த 27-ஐக் குறைக்கவும் ஒரு வழி உண்டு, சொந்தமாக எமுலேட்டர் எழுதுகிறவர்களுக்கு மட்டும். ஏஇஎஸ்இ-யும் ஏஇஎஸ்எம்சி-யும் அடுத்தடுத்து ஒரே ரெஜிஸ்டரில் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒரு எக்ஸ்ஆர், ஒரு ஏஇஎஸ்என்க் ஆக்கிவிடலாம், 27 கால் 14 ஆகிவிடும். இரண்டும் ஒரே மொழிபெயர்ப்பு பிளாக்குக்குள் (எமுலேட்டர் சேர்த்து மொழிபெயர்க்கும் கட்டளைத் தொகுதி) இருக்கின்றனவா என்று மட்டும் சரிபாருங்கள், நடுவில் கெஸ்ட் நின்றால் இடைப்பட்ட மதிப்பு ரெஜிஸ்டரில் இருந்தாக வேண்டும்.

இரவாந்தை:
8.1 போட்டுவிட்டேன். டிஸ்க் வேகம் கண்ணுக்கே தெரிகிறது, பெர்ஃப் பட்டியலில் ஏஇஎஸ் கீழே இறங்கிவிட்டது. சரி, அப்புறம் கெஸ்டுக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாகப் பெரிய ஃபைல் ஒன்றை ஏஇஎஸ்-ஜிசிஎம்மில் அனுப்பினேன், இப்போது உச்சியில் வந்து நிற்பது பிமுல் என்ற ஆர்ம் கட்டளை!

கர்னல்கிழவன்:
ஜிசிஎம்மில் பாதி வேலை ஏஇஎஸ் இல்லை, சரிபார்ப்புக்கான ஜிஹேஷ், அது கேரி இல்லாத பெருக்கல், பிமுல் செய்வது அதைத்தான். எக்ஸ்டிஎஸ்ஸில் அது கிடையாது, அதனால்தான் டிஸ்க்கில் உங்கள் கண்ணில் படவில்லை. எக்ஸ்86-இல் அதற்கு பிசிஎல்மல் இருக்கிறது, க்யூஎமு அதைப் பயன்படுத்துவது 8.2-இலிருந்துதான். இன்னும் ஒரு படி ஏறுங்கள்.