ஜட்சன் தம்பதியின் பர்மா ஊழியம்: விலை கொடுத்தவர் யார்?

பழுப்புத்தாள்:
எங்கள் சபையில் மிஷனரி ஞாயிறு வந்தால் அதோனிராம் ஜட்சன் வராமல் இருக்கமாட்டார். அமெரிக்காவிலிருந்து பர்மாவுக்குப் போனார், ஆறு ஆண்டுகள் ஒருவரும் மனம் திரும்பவில்லை, சிறையில் வதைபட்டார், வேதாகமத்தைப் பர்மிய மொழியில் தந்தார். மனைவி ஆன் "உறுதுணையாக நின்றார்". அவ்வளவுதான், அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம்.

அந்த ஒற்றை வரியோடுதான் என் சண்டை. 1813 ஜூலையில் ரங்கூனில் இறங்கியவர்களுக்கு நகர மதிலுக்கு வெளியே ஒரு வீடு. ரொட்டி இல்லை, வெண்ணெய் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. சோறும் கோழிக்கறியும்தான் சாப்பாடு. கணவர் விடிந்தால் பண்டிதரோடு ஓலைச்சுவடியில் உட்கார்ந்துவிடுவார். பண்டிதருக்கு ஆங்கிலம் தெரியாது, சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. வீடு, வேலையாட்கள், சந்தை எல்லாம் ஆன் தலையில். அதனாலேயே பேச்சுப் பர்மியம் கணவரைவிட அவருக்கு விரைவில் கைவந்தது. பிறகு ரங்கூனில் இருந்த சயாமியர்களிடம் அவர்கள் மொழியையும் கற்றார். 1819இல் வங்காளத்தின் செராம்பூரில் அச்சான சயாமிய வினாவிடை நூல் அவருடைய மொழிபெயர்ப்புதான். இதற்கெல்லாம் பெயர் "உறுதுணை" என்றால் ஊழியம் என்பது எது?

எதிர்க்கரை:
ஆனுக்கு உரிய பங்கு கொடுக்க வேண்டும் என்கிறீர்கள், சரி. ஆனால் எதில் பங்கு? அந்தப் பயணமே சரியா என்பதுதான் என் கேள்வி.

1810இல் ஆனின் தந்தைக்கு ஜட்சன் எழுதிய பெண் கேட்கும் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். உங்கள் மகளை இவ்வுலகில் இனிக் காணாதபடி அனுப்பச் சம்மதமா, கடல் ஆபத்துக்கும் இந்தியாவின் கொல்லும் வெயிலுக்கும் அவமானத்துக்கும் ஒருவேளை கொடூர மரணத்துக்கும் அவளை ஒப்புக்கொடுப்பீர்களா என்று கேட்கிறார். என் மகளைக் கேட்டு இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் வந்தவனைத் திண்ணையிலிருந்தே திருப்பி அனுப்பியிருப்பேன்.

பெரியவர்கள் தாங்களாகத் தேர்ந்துகொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள்? முதல் குழந்தை ரங்கூன் போகும் கப்பலிலேயே இறந்து பிறந்தது. இரண்டாவது பிள்ளை ரோஜர் 1816இல் எட்டு மாதத்தில் போனான். மூன்றாவது மரியா இரண்டே கால் வயதில். இவர்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? எங்களுக்கு வேண்டும் என்று பர்மியர்கள்தான் கூப்பிட்டார்களா?

ஜெபக்கூடாரம்:
சகோதரரே, அந்தக் காலத்தில் மாசசூசெட்ஸிலேயே இருந்த தாய்மார்களும் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ரங்கூன் போனதால்தான் மரணம் வந்தது போல எழுதாதீர்கள்.

ஆனைக் கணவன் இழுத்துக்கொண்டு போன பெண் என்று நினைப்பவர்கள் 1821ஐப் பார்க்க வேண்டும். கல்லீரல் நோய் முற்றி, கணவரை ரங்கூனில் விட்டுவிட்டு இங்கிலாந்து வழியாக அமெரிக்கா போனார். பெற்றோர் இருந்தார்கள், வீடு இருந்தது, நோய் என்ற நியாயமான காரணமும் இருந்தது. அங்கேயே தங்கியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார்கள். அவர் என்ன செய்தார்? பர்மா மிஷனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டுவிட்டு, 1823 டிசம்பரில் ரங்கூனுக்குத் திரும்பி வந்தார். எங்கே போகிறோம் என்று நன்றாகத் தெரிந்தே திரும்பியவர்.

இன்னொன்று. மிஷனரி என்றாலே வெள்ளைக்காரன் ஆட்சியின் கைக்கூலி என்ற பல்லவி அடுத்து வரும் என்று தெரியும். 1812இல் கல்கத்தாவில் இறங்கியவர்களை நாட்டை விட்டுப் போகச் சொன்னதே கிழக்கிந்தியக் கம்பெனிதான். மொரீஷியஸுக்கு ஓடினார்கள். அமெரிக்காவிலிருந்து கூட வந்து, அவர்களுக்கு முன்பே அங்கே போயிருந்த ஹாரியட் நியூவெல் பத்தொன்பது வயதில் அங்கே இறந்தார். பிறகு நம்முடைய மெட்ராஸுக்கு வந்தார்கள். கம்பெனி பிடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிடும் என்ற பயத்தில், துறைமுகத்தில் கிடைத்த ஒரே கப்பலில் ஏறினார்கள். அது ரங்கூன் போகிற கப்பல். கம்பெனிக்குப் பயந்து பர்மாவுக்குப் போனவர்கள் கம்பெனியின் ஆட்கள் ஆவது எப்படி?

எதிர்க்கரை:
1812 வரை சொன்னீர்கள், 1826ஐ விட்டுவிட்டீர்கள். முதல் ஆங்கில-பர்மியப் போர் முடிந்து யாண்டபோ உடன்படிக்கை எழுதும்போது இடையில் நின்று மொழிபெயர்த்தவர் யார்? ஜட்சன். அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டிஷ் தூதர் கிராஃபர்டின் குழுவோடு, வணிக ஒப்பந்தம் பேசப் பர்மியத் தலைநகர் ஆவாவுக்குப் போனவர் யார்? அதே ஜட்சன். பிரிட்டிஷார் புதிதாகப் பிடித்த கரையில், கவர்னர் ஜெனரலின் பெயரைத் தாங்கிய ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போனார். அக்டோபர் 24இல் ஆன் இறந்தார். வயது 36. செய்தி கணவருக்கு எட்டியது ஒரு மாதம் கழித்து. அடுத்த ஏப்ரலில் மரியா.

ஒற்றர் என்று பர்மிய அரசு சந்தேகப்பட்டதை நம் பிரசங்கங்களில் காட்டுமிராண்டித்தனம் என்கிறோம். அவ்வளவு முட்டாள்தனமான சந்தேகமா அது?

இரங்கூன் பேத்தி:
இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லலாமா? என் தாத்தா ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதியவர், 1964இல் கப்பலேறி வந்தவர். ஆகவே எனக்கு எப்போதும் கணக்குப் புத்தகத்தின் மேல்தான் கண்.

ஜட்சனை மாட்டிவிட்டது கணக்குப் புத்தகம்தான். அமெரிக்காவிலிருந்து வரும் மிஷன் பணம் வங்காளத்துக்கு வந்து சேரும். அதை, அப்போது ஜட்சன் தம்பதி இருந்த ஆவாவில் ரொக்கமாக்க வேண்டும். நம் உண்டியல் முறை போலத்தான்: வங்காளத்தில் மாற்றிக்கொள்ளும் சீட்டை ஜட்சன் எழுதிக் கொடுப்பார், ஆவாவில் இருந்த கௌஜர் என்ற ஆங்கிலேய வியாபாரி அதற்கு ரொக்கம் கொடுப்பார். 1824இல் போர் தொடங்கியதும் கௌஜரைப் பிடித்துக் கணக்கைப் புரட்டினார்கள். பெரிய பெரிய தொகைகள், ஜட்சன் பெயரில். இங்கிலீஷ்காரன் இவருக்கு எதற்குப் பணம் கொடுக்கிறான்? ஜூன் 8ஆம் தேதி சாப்பாட்டு நேரத்தில் வந்து கயிற்றால் கட்டிக்கொண்டு போனார்கள். அமெரிக்கர் வேறு, ஆங்கிலேயர் வேறு என்று சொல்லிப் பார்த்தார்கள். ஆவா அரண்மனைக்கு அந்த வித்தியாசம் எப்படிப் புரியும்?

ஆகவே எதிர்க்கரை அண்ணன் சொல்வதில் பாதி சரி. சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் காரணம் உளவு இல்லை, பணம் வந்த வழி. யாண்டபோ அதற்குப் பிறகு, சிறையிலிருந்து எடுத்து அரசனே பேசச் சொல்லி அனுப்பிய பிறகு நடந்தது. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்த கைதுக்கு நியாயம் சொல்ல முடியாது.

ஜெபக்கூடாரம்:
நன்றி, சகோதரி. கிராஃபர்ட் விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஜட்சன் முதலில் மறுத்தார். ஒப்பந்தத்தில் மதச் சுதந்திரத்துக்கு ஒரு பிரிவு சேர்க்க முயல்வோம் என்று சொன்ன பிறகுதான் போனார். 1820இல் பாக்யிடா அரசர் முன்னால் மண்டியிட்டு அதே விண்ணப்பத்தைக் கொடுத்தவர் அவர். அரசர் துண்டுப்பிரதியில் இரண்டு வரி படித்துவிட்டுத் தரையில் போட்டுவிட்டார். ரங்கூனில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் தலைக்கு ஆபத்து இருந்தது. அவர்களுக்காகவே போனார்.

எதிர்க்கரை:
அந்தப் பிரிவு ஒப்பந்தத்தில் வந்ததா? வரவில்லை. வியாபாரத்துக்கு வேண்டியது வந்தது. இதைத்தான் சொல்கிறேன்: மதம் கூடப் போகும்போது துரைமார் காரியம் முடியும், மதத்தின் காரியம் முடியாது.

பழுப்புத்தாள்:
மறுபடியும் ஜட்சன், அரசர், ஒப்பந்தம் என்று ஆண்கள் உட்காரும் திண்ணைக்கே வந்துவிட்டோம். அந்தக் கைதுக்கு அடுத்த நாளிலிருந்து என்ன நடந்தது என்று கேட்கமாட்டீர்களா?

சிறையில் சாப்பாடு போடுவது அரசின் வேலை இல்லை. ஆன் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு. வயிற்றில் பிள்ளை. வாசலில் காவலனுக்குக் காசு. வாரக்கணக்கில் நடந்து நடந்து அதிகாரிகளையும் ராணியின் உறவுக்காரப் பெண்மணியையும் பார்த்தார். இரவில் கைதிகளின் கால்களை மூங்கிலில் கோத்து மேலே தூக்கிவிடுவார்கள், தோள் மட்டும் தரையில் படும். அந்த நிலையிலும் கணவருக்கு ஊர் நினைவு வரட்டும் என்று எருமைக் கறியும் வாழைக்காயும் வைத்து ஒரு அமெரிக்கப் பலகாரம் செய்து அனுப்பினார். புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை முதலில் மண்ணில் புதைத்தார், ஈரத்தில் கெட்டுவிடும் என்று எடுத்து, திருடக்கூடத் தோன்றாத கரடுமுரடான தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கணவருக்குச் சிறைக்கு அனுப்பினார்.

1825 மே மாதம் கைதிகளை ஆங்பின்லே என்ற ஊருக்கு ஓட்டிப்போனார்கள். மூன்று மாதக் கைக்குழந்தையோடும், வளர்த்துவந்த இரண்டு பர்மியச் சிறுமிகளோடும் படகிலும் மாட்டு வண்டியிலும் ஆன் பின்னாலேயே போனார். போன மறுநாளே மூத்த சிறுமிக்கு அம்மை. இளையவளுக்கும் மரியாவுக்கும் தானே அம்மை குத்தினார். இளையவளுக்கு லேசாகப் போயிற்று. உடனே சிறைக்காவலர்களின் பிள்ளைகளுக்கும் குத்தச் சொல்லி வந்தார்கள், பிறகு ஊரே வந்தது. மரியாவுக்குக் கடுமையாக வந்து மாதக்கணக்கில் இழுத்தது. பிறகு ஆனே படுத்துவிட்டார், பால் வற்றிவிட்டது. ஜட்சன் விலங்கோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வீடு வீடாகப் போய், பிள்ளை பெற்ற பெண்களிடம் ஒரு வாய்ப் பால் கேட்டார்.

தன் புருஷனைக் கட்டிவைத்திருப்பவனின் பிள்ளைக்கு அம்மை குத்துவது ஊழியமா, இல்லையா? இதையல்லவா நாம் பிரசங்கிக்க வேண்டும்?

இரங்கூன் பேத்தி:
அக்கா, உங்கள் வழக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, கோபிக்காதீர்கள். இவ்வளவும் நமக்குத் தெரிவது 1826 மே மாதம் ஆன் தன் கொழுந்தனாருக்கு எழுதிய நீண்ட கடிதத்தால். அந்தக் கடிதத்தில் ஒரு வங்காளிச் சமையல்காரர் வருகிறார். சம்பளம் கேட்கவில்லை. சாதியை மறந்தார். விறகுக்கும் தண்ணீருக்கும் வெகுதூரம் நடந்தார், கைதிக்கும் நோயாளிக்கும் சமைத்துவிட்டுத் தான் சாப்பிடப் பொழுது சாய்ந்துவிடும். ஆன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர். ஆன் மனம் உருகித்தான் எழுதுகிறார். பெயர் மட்டும் இல்லை. ஆனுக்கு ஒரு வரிதான் கிடைத்தது என்று நாம் வருத்தப்படுகிறோம், அவருக்கு அதுவும் "சமையல்காரர்" என்றுதான் கிடைத்தது.

பழுப்புத்தாள்:
கோபம் இல்லை. ஆனால் அவரைப் பற்றி எழுதி வைத்ததும் ஆன்தான். ஜட்சனை நம்பியிருந்தால் அந்த வரியும் நமக்கு வந்திருக்காது.

ஜெபக்கூடாரம்:
பர்மியக் கிறிஸ்தவர் மௌங் இங்கையும் மறக்க வேண்டாம். காவலன் தூக்கி எறிந்த அந்தத் தலையணையை எடுத்து வைத்தவர் அவர்தான். உள்ளே என்ன இருந்தது என்று அப்போது அவருக்குத் தெரியாது. பின்னாளில் பர்மாவின் மெர்குயி ஊர்ச் சபையின் போதகரானார்.

எதிர்க்கரை:
அப்படியானால் இந்தத் தடவை மிஷனரி ஞாயிறில் மௌங் இங்கைப் பேசுங்கள். நானும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். பிள்ளைகள் விஷயத்தில் என் கேள்வி அப்படியே நிற்கிறது, அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.