அக்கா பேச்சே மாறிப்போச்சு, எப்படி?

கருங்கல்காரி:
அக்கா போன கிறிஸ்மஸ்ல இருந்து ஒரு ஜெப வீட்டுக்குப் போறா. நாங்களும் ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போறவங்கதான், ஜெபம் பண்ணுறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. பேச்சுதான் பிரச்சினை. கழுத்துச் சங்கிலி எங்கன்னு கேட்டா "விதைச்சாச்சு", அதாவது காணிக்கையா குடுத்தாச்சாம். அம்மைக்கு சுகர் மாத்திரை வாங்கணும்னா "அவிசுவாசம்". பாஸ்டருக்கு கார் எப்படி வந்துன்னா "மாம்சத்துல பேசாத", அதாவது உலக புத்தியில பேசாதன்னு. அதோட பேச்சு முடிஞ்சு. பி.எட். படிச்சவ, எப்படி இப்படி ஆனா?

தக்கலை வாத்தியார்:
மக்ளே, படிப்பு இதுக்குத் தடை இல்ல. சீனச் சிறையில மூளைச்சலவைக்கு ஆளாகி வந்தவங்களப் பேட்டி எடுத்த அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961-லேயே எழுதிட்டார்: பெரிய சிக்கலை எல்லாம் ஒரு சின்ன வாக்கியத்துல அடைச்சுடுவாங்க, அதைச் சொன்னதும் யோசனை நின்னுடும். கலிபோர்னியாவுல 1997-ல 39 பேர் சேர்ந்து தற்கொலை செஞ்ச ஹெவன்ஸ் கேட் குழுவுல உடம்புக்கு "வண்டி"ன்னு பேரு. உயிரை விடத்தான் பயம், வண்டியை விட்டு இறங்க என்ன பயம்?

உங்க அக்கா சொல்லுறதையே எடு. "குடுத்தேன்"னா யாருக்கு, எவ்வளவுன்னு கேள்வி வரும். "விதைச்சேன்"னா காத்திருக்கணும். முளைக்கல்லேன்னா நிலம் சரியில்ல, அதாவது அவ விசுவாசம் சரியில்ல. வாங்குனவன் பேரே அதுல வராது. கெட்டிக்கார வேலை!

குலசேகரம் பால்வெட்டு:
நான் உள்ள இருந்தவ. முதல்ல வந்தது வார்த்தை இல்ல, பாசம். காய்ச்சல்ல கிடந்தப்போ கஞ்சியும் பயறும் கொண்டு வந்தாவ. பொறவுதான் மைக்கைக் கையில தந்து சாட்சி சொல்லச் சொன்னாவ. இடுப்பு வலி போச்சுன்னு சபை முன்னால சொல்லியாச்சுன்னா, வீட்டுல வலிக்குன்னு சொல்ல நாக்கு எழும்பாது. நாம சொல்லுறது நம்ம காதுலயும் விழுதே.

வசனத்துக்கு வசனம் மல்லுக்கட்டாத பிள்ளே. வீட்டுக்காரங்க எதிர்ப்பாங்கன்னு முன்கூட்டியே சொல்லி வச்சிருப்பாவ. நீ கத்துனா அது பலிச்சதாயிடும்.

நாகர்கோவில் பய:
போலீஸ்ல ஒரு பெட்டிஷன் போடுங்க, சரியாயிடும்.

குலசேகரம் பால்வெட்டு:
சங்கிலிய அவளே மனசோட குடுத்திருந்தா போலீஸ் என்ன செய்யும் தம்பி?

கருங்கல்காரி:
அப்போ "விதைச்சாச்சு"ன்னா, "எத்தனை பவுன் அக்கா?"ன்னு மட்டும் கேக்கவா?

தக்கலை வாத்தியார்:
கேளு, கோபமில்லாம. பதில் வரல்லேன்னா விட்டுட்டு சாப்பாடு, பிள்ளைங்க படிப்புன்னு பழைய பேச்சு பேசு. அம்மை மாத்திரையை மட்டும் வாதத்துக்கே விடாத, நீயே வாங்கிக் குடு.