ஒரே பாட்டு, மூணு ரூம், மூணு நேரம்: கம்ப்யூட்டர்ல இருக்கிற பாட்டை ஹைஃபைக்கு எப்படி அனுப்புறது?

தூசிதட்டி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

வீட்டுல இருந்த சிடி எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி முடிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. மொத்தம் 640. பாதி அப்பா சேர்த்தது. சிலதுல உறை இருக்கும், தட்டு இருக்காது. சிலதுல தட்டு வேற ஏதோ உறைக்குள்ள தூங்கிட்டிருக்கும். எல்லாம் ஃப்ளாக் (தரம் குறையாம சுருக்குற ஃபைல் வகை), 200 ஜிபி கிட்ட வந்திருக்கு. இவ்வளவு பாடுபட்டு ஏத்தினதை அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து மட்டும்தான் கேட்கணும்னா என்ன பிரயோஜனம்?

வீட்டு நிலவரம்: கம்ப்யூட்டர் படிக்கிற ரூம்ல. ஹால்ல பழைய ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ரெண்டு பெரிய ஸ்பீக்கர். பெட்ரூம்ல ஒரு மினி ஹைஃபை. சிடி தட்டு வெளியே வரவே வராது, ஆக்ஸ் (வெளியிலிருந்து ஒலி வாங்குற ஓட்டை) மட்டும் உயிரோட இருக்கு. கிச்சன்ல ஒரு வைஃபை ஸ்பீக்கர்.

முதல்ல 15 மீட்டர் ஆர்சிஏ கேபிள் (சாதாரண ஆடியோ கேபிள்) வாங்கி சுவரோரமா ஹாலுக்கு இழுத்தேன். பாட்டு வந்துச்சு, கூடவே "ம்ம்ம்"னு ஒரு இரைச்சலும் வந்துச்சு. பாட்டை நிறுத்தினாலும் அது நிக்கல. அடுத்து புளூடூத். ஒரு சமயத்துல ஒரு ரூம்தான், அதுவும் ரெண்டாவது சுவரைத் தாண்டினா திக்குது. மூணாவதா டிஎல்என்ஏ, அதாவது வீட்டு நெட்வொர்க் வழியா பாட்டைப் பகிர்ற முறை. ஹால்ல பழைய லேப்டாப், பெட்ரூம்ல பழைய போன், ரெண்டையும் ஆம்போட இணைச்சு ஒரே பாட்டை ரெண்டுலயும் சேர்த்து ஓட்டினேன். ஆரம்பம் ஓரளவுக்கு ஒட்டி வந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு நடைவழியில நின்னு கேட்டா, மிருதங்கத்துல ஒரு அடி விழுந்தா ஹால்ல ஒரு "த", பெட்ரூம்ல இன்னொரு "த". வித்வான் ஒருத்தர்தான், கை நாலு ஆயிடுச்சு.

இது வைஃபை வேகம் பத்தாததாலயா? புது ரவுட்டர் வாங்கணுமா?

ஈயப்பற்று:

ரவுட்டர் வாங்காதீங்க. கணக்கைப் பாருங்க: சிடி தரம்னா 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ரெண்டு சேனல். சுருக்காம அனுப்பினாலே நொடிக்கு 1,411 கிலோபிட். ஃப்ளாக்ல அது கிட்டத்தட்ட பாதிக்கு இறங்கிடும். மூணு ரூமுக்கும் சேர்த்து 3 மெகாபிட் போதும், வீடியோ ஒண்ணு ஓடுறதுக்கே அதைவிட அதிகம் வேணும்.

உங்க பிரச்சினை வேகம் இல்ல, கடிகாரம். ஒவ்வொரு சாதனத்துக்குள்ளயும் ஒரு கிரிஸ்டல் துடிச்சிட்டிருக்கு, அந்தத் துடிப்பை வச்சுத்தான் "நொடிக்கு 44,100 சாம்பிள்"னு எண்ணுது. சாம்பிள்னா ஒலியை ஒரு தடவை அளந்த அளவு. எந்த ரெண்டு கிரிஸ்டலும் ஒரே மாதிரி துடிக்காது. பத்து லட்சத்துல 50 பங்கு வித்தியாசம் சாதாரணமா இருக்கும். அரை மணி நேரத்துல அது 90 மில்லிசெகண்ட். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும், அதனால ஒரு ஸ்பீக்கரைத் தூக்கி 30 மீட்டர் தள்ளி வச்ச மாதிரிதான். உங்க ரெண்டு "த"வும் அதுதான். டிஎல்என்ஏ வழியில ஒவ்வொரு சாதனமும் ஃபைலைத் தானே இழுத்துத் தன் போக்குல வாசிக்கும். பக்கத்து ரூம் எங்கே இருக்குன்னு அதுக்குத் தெரியவே தெரியாது.

அதனால உங்களுக்கு வேண்டியது ஒரு சர்வர், அது சொல்றதைக் கேட்டு நடக்கிற பிளேயர்கள். என் சிபாரிசு லிரியன் மியூசிக் சர்வர். பேர் புதுசு, 2024ல மாத்தினாங்க, ஆள் பழையவர். லாஜிடெக் மீடியா சர்வர்னு இத்தனை வருஷம் இருந்தது, அதுக்கும் முன்னாடி ஸ்லிம்சர்வர். இந்த சர்வரோட சேர்ந்து பாடின ஸ்க்வீஸ்பாக்ஸ் பிளேயர் பெட்டிகளை லாஜிடெக் 2012ல கைவிட்டாலும், மென்பொருள் திறந்த மூலம்ங்கிறதால ஆட்கள் விடாம ஓட்டிட்டிருக்காங்க. இலவசம்.

சர்வரைக் கம்ப்யூட்டர்ல போடுங்க. ஒவ்வொரு ஆம்ப் பக்கத்துலயும் ஒரு ராஸ்பெர்ரி பை (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், சுருக்கமா பை), அதுல பைகோர்பிளேயர்ங்கிற மென்பொருள். உள்ளே ஸ்க்வீஸ்லைட்னு ஒரு சின்ன பிளேயர் ஓடும். எத்தனை சாம்பிள் வாசிச்சேன்னு அது சர்வருக்குச் சொல்லிட்டே இருக்கும், யாராவது பின்தங்கினா சர்வர் இழுத்துப் பிடிக்கும். பையோட ஹெட்போன் ஓட்டையை நம்பாதீங்க, "உஸ்"னு இரைச்சல் வரும். ஒரு யூஎஸ்பி டாக் (டிஜிட்டலை ஒலி சிக்னலா மாத்துற கருவி), இல்லன்னா மேலே சொருகுற டாக் பலகை போடுங்க. ஜீரோ 2 டபிள்யூங்கிற சின்ன பை மாடல்ல அந்த ஓட்டையே கிடையாது.

நடுநிசி:

மேலே சொன்னது சரி, ஆனா எல்லாருக்கும் பை நோண்டப் பொறுமை இருக்காது. வீட்டுல எல்லாரும் ஐபோன்னா, பாட்டை வைஃபைல ஸ்பீக்கருக்கு அனுப்புற ஆப்பிளோட ஏர்பிளே 2 சுலபம். 2018லேயே பல ரூமை ஒண்ணா ஓட்டுற வசதி வந்தாச்சு. ஸ்பீக்கரும் அதை ஏத்துக்கணும், அதான் சங்கடம்.

இன்னொரு மென்பொருள் ஸ்னாப்காஸ்ட். ஒலித்துண்டு ஒவ்வொண்ணுலயும் நேரம் குறிச்சு அனுப்பும், எல்லா ரூமும் அந்த நேரத்துலதான் வாசிக்கும். ஒட்டி ஓடுறதுல கில்லாடி. ஆனா ஆல்பம், பாடகர்னு தேடுற வேலையெல்லாம் அதுக்குத் தெரியாது, பின்னாடி எம்பிடிங்கிற பிளேயர் மென்பொருள் மாதிரி இன்னொண்ணை வைக்கணும். 640 சிடிக்காரருக்கு நானும் லிரியன்தான் சொல்வேன்.

கம்ப்யூட்டரைத் தூங்க விடாதீங்க. ஸ்லீப் போச்சுன்னா மூணு ரூமும் ஒண்ணா ஊமையாயிடும்.

வயர்மேன்:

தம்பி, அந்த "ம்ம்ம்" பத்தி யாரும் பேசலையே. அது எர்த் லூப். கம்ப்யூட்டர் ஒரு பிளக் வழியா எர்த் ஆகுது, ஆம்ப் வேற ஒரு வழியா எர்த் ஆகுது. நடுவுல நீங்க இழுத்த 15 மீட்டர் கேபிளோட ஷீல்டு ரெண்டையும் வளையமா இணைச்சிடுச்சு. பையை ஆம்ப் பக்கத்துலயே வச்சு, ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல போடுங்க, முக்கால்வாசி போயிடும். ஆம்ப்ல ஆப்டிகல் உள்ளீடு (ஒளி வழியா சிக்னல் வாங்குறது) இருந்தா இன்னும் நல்லது, அந்தக் கேபிள் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, அதுல மின்சாரம் ஓடாது.

ஆம்ப் பின்னாடி ஃபோனோன்னு எழுதியிருக்கிற ஓட்டையில மட்டும் சொருகிடாதீங்க. அது இசைத்தட்டு ஊசிக்கு. சின்ன சிக்னலைப் பல மடங்கு பெருக்கி, பாஸையும் ஏத்திவிடும். சிடி, டேப், ஆக்ஸ் எதுவா இருந்தாலும் பரவாயில்ல.

தூசிதட்டி:

மூணு பேருக்கும் நன்றி. பை ரெண்டு வந்தாச்சு. ஆனா ஹால் பிளேயர் சர்வர்ல தெரியுது, பெட்ரூம் தெரியல. பையோட செட்டிங்ஸ் பக்கம் போன் பிரவுசர்ல திறக்குது, சர்வர் மட்டும் அதைக் கண்டுக்கவே மாட்டேங்குது.

ஈயப்பற்று:

பெட்ரூம்ல ரிப்பீட்டர் (வைஃபையை நீட்டிக்கிற பெட்டி) இருக்கா? அது கெஸ்ட் நெட்வொர்க்ல உட்கார்ந்திருக்கும். போனையும் அதே ரிப்பீட்டர்ல வச்சுப் பார்த்திருப்பீங்க, அதான் பக்கம் திறந்திருக்கு. எல்லாமே ஒரே நெட்வொர்க்ல இருக்கணும். அது இல்லன்னா கம்ப்யூட்டரோட ஃபயர்வால்ல 3483, 9000ங்கிற ரெண்டு போர்ட்டும் (நெட்வொர்க் வாசல்) திறந்திருக்கான்னு பாருங்க. 3483க்கு டிசிபி, யுடிபின்னு ரெண்டு வகையும் வேணும்.

தூசிதட்டி:

அண்ணே, ரிப்பீட்டரேதான்! எப்பவோ விருந்தாளிக்குன்னு போட்டு வச்ச நெட்வொர்க், மறந்தே போச்சு.

ரெண்டு வாரம் ஓட்டிப் பார்த்துட்டு எழுதுறேன். ஹாலும் பெட்ரூமும் பிசகவே இல்ல. நடைவழியில நின்னா ஒரே மிருதங்கம். இரைச்சலும் போச்சு, 15 மீட்டர் கேபிள் சுருட்டி அலமாரி மேல கிடக்கு.

கிச்சன்தான் படுத்திச்சு. அந்த வைஃபை ஸ்பீக்கரை நேரடியா கூட்டத்துல சேர்க்க ஒரு பிளக்இன் போட்டுப் பார்த்தேன், பாட்டு வருது, தாளம் ஒட்டல. சரின்னு மூணாவது பை வாங்கி அதோட ஆக்ஸ்ல சொருகினேன். அப்பவும் கிச்சன் ஒரு இம்மி பின்னாடி. ஸ்பீக்கரைக் கழட்டி ஹாலுக்குத் தூக்கிட்டு வந்து பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்துல வச்சேன். ஆடாசிட்டிங்கிற ஒலி எடிட்டர்ல நொடிக்கு ஒரு "டிக்" வர்ற மாதிரி ஒரு ஃபைல் பண்ணி ரெண்டுலயும் ஓட்டி, நடுவுல போனை வச்சுப் பதிவு பண்ணேன். அலைவடிவத்தைப் பெரிசாக்கினா ஒவ்வொரு டிக்குக்கும் ரெண்டு முள். இடைவெளி அளந்தா 70 மில்லிசெகண்ட், எல்லா இடத்துலயும் அதே 70. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அப்போ கடிகாரம் சரிதான், ஸ்பீக்கர்தான் ஆக்ஸ்ல வர்றதையும் உள்ளே மறுபடி டிஜிட்டலாக்கி நிதானமா யோசிச்சு வாசிக்குது போல. லிரியன்ல பிளேயர் வாரியா தாமதம் குறிக்கிற இடம் இருக்கு. மைனஸா பிளஸான்னு குழம்பி முதல்ல 140 ஆக்கிட்டேன். திருப்பிப் போட்டதும் முள் ரெண்டும் ஒண்ணா சேர்ந்துச்சு.

அப்புறம் ஒரு வேடிக்கை. மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் கிச்சன்ல பாட்டு விட்டு விட்டு வந்துச்சு. நான் அங்கே வச்சது ஜீரோ 2 டபிள்யூ, அதுல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான். மைக்ரோவேவும் அதே அலைவரிசைக்குப் பக்கத்துலதான். ஸ்க்வீஸ்லைட் பஃபரை (முன்கூட்டியே சேர்த்து வைக்கிற பாட்டோட அளவை) பெருக்கினேன், பையை அடுப்படியிலிருந்து அலமாரிக்கு மாத்தினேன். இப்போ பரவாயில்ல.

பெரிய வேலை மிச்சம் இருக்கிறது டேக், அதாவது ஃபைலுக்குள்ள எழுதியிருக்கிற ஆல்பம், பாடகர் விவரம். 640 சிடி, ஆனா சர்வர் 1,100 ஆல்பம்னு காட்டுது. பல பாடகர் பாடின தொகுப்பு ஒவ்வொண்ணையும் பாடகர் வாரியா உடைச்சு வச்சிருக்கு.

நடுநிசி:

ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் டேக் காலியா இருக்கும். எம்பி3டேக்ங்கிற மென்பொருள்ல அந்த ஆல்பத்தோட பாட்டையெல்லாம் மொத்தமா தேர்ந்தெடுத்து, அதுல ஒரே பேரைப் போடுங்க. பேர் எம்பி3டேக்தான், ஃப்ளாக்கையும் திருத்தும். முடிச்சதும் சர்வர்ல முழுசா ரீஸ்கேன். பாடகர் பேரைத் தமிழ்ல எழுதுறதா ஆங்கில எழுத்துல எழுதுறதான்னு இன்னைக்கே முடிவு பண்ணிடுங்க. நான் பண்ணாததால ஒரே பாடகி என்கிட்ட நாலு எழுத்துக்கூட்டல்ல இருக்காங்க.

வயர்மேன்:

பைல ஒலியளவை 100லயே வச்சுட்டு ஆம்ப் குமிழ்ல குறைங்க. டிஜிட்டல்ல 6 டெசிபல் குறைக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு பிட் போகுது. 16 பிட் டாக்னா ராத்திரி மெதுவா கேட்கும்போது தெரியும்.

தூசிதட்டி:

ஹால்ல அப்படியே பண்ணிட்டேன். பெட்ரூம்ல முடியல, மினி ஹைஃபையோட குமிழைத் தொட்டாலே கரகரங்குது. கடைசியா ஒண்ணு: அந்த மினி ஹைஃபை 20 நிமிஷம் சத்தம் வரலைன்னா தானா அணைஞ்சுடுது. காலையில போன்ல பாட்டைப் போட்டா ரெண்டு ரூம் பாடுது, பெட்ரூம் மட்டும் எழுந்திருக்கவே இல்ல. இதை நிறுத்த வழி இருக்கா?

வயர்மேன்:

மெனுவுல ஆட்டோ பவர், ஆட்டோ ஸ்டாண்ட்பைன்னு ஏதாவது இருக்கும், ஆஃப் பண்ணுங்க. ரிமோட் இல்லாம அந்த மெனு பெரும்பாலும் திறக்காது. ரிமோட் எங்கே?

தூசிதட்டி:

தேடிட்டிருக்கேன்.