நம்ம குடும்பம்: பெரியம்மா ஐசியூவில்

அண்ணன்: பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) முடிந்தது. அம்மாவின் மூச்சுக்குழாய்ப் பின்சுவரில் நீளவாக்கில் 2 செ.மீ. கிழிசல். நேற்று பித்தப்பை ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்து, மூச்சுக்காகத் தொண்டை வழியாகக் குழாய் போட்டபோது கிழிந்திருக்கலாம் என்கிறார்கள். தைக்கப் போவதில்லையாம்.

சேலம் மாமா: கிழிந்ததைத் தைக்காமல்? பண்ணின தப்பை மூடப் பார்க்கிறார்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவோம்.

சித்தி: அக்காவுக்குக் கழுத்தெல்லாம் வீங்கி, தொட்டால் நறநறவென்கிறது 😟

பாப்பா: தோலுக்கடியில் புகுந்த காற்று சித்தி. கசிவு நின்றால் தானாக வற்றிவிடும். மாமா, கொஞ்சம் பொறுங்கள். அண்ணா, பெரியம்மா தானாக மூச்சு விடுகிறார்களா? வீக்கம் கூடுகிறதா? உணவுக்குழாய்க்கு ஒன்றும் இல்லையே?

அண்ணன்: மூக்கில் ஆக்சிஜன் மட்டும்தான். மார்பில் வீக்கம் எதுவரை என்று பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள், காலையிலிருந்து தாண்டவில்லை. சிடி ஸ்கேனில் உணவுக்குழாய் சரியாக இருக்கிறது. காய்ச்சலும் இல்லை.

பாப்பா: அப்படியானால் காத்திருப்பதுதான் சரி. தைப்பதென்றால் மறுபடியும் குழாய் போட வேண்டும், கிழிசல் கீழ்ப்பக்கம் இருந்தால் வலது மார்பையே திறக்க வேண்டும். அந்த வயதில் அது சின்ன விஷயமா?

சேலம் மாமா: என் நண்பர் மகன் பைக்கில் விழுந்து தொண்டையில் அடிபட்டபோது உடனே ஆபரேஷன் செய்தார்களே?

பாப்பா: அது வெளியடி மாமா. முன்பக்கக் குருத்தெலும்பே நொறுங்கும், மூச்சுக்குழாயே அறுந்தும் போகும். அதற்குப் பெரும்பாலும் தையல்தான். இது பின்பக்கத்துச் சவ்வு. குள்ளமான, வயதான பெண்களுக்கு அங்கேதான் அதிகம் கிழியும். முன்பு நீளத்தைப் பார்த்து ஆபரேஷன் முடிவு செய்தார்கள். 2010இல் கார்டில்லோ என்ற இத்தாலிய மருத்துவரின் குழு ஆழத்தை வைத்து வகை பிரித்தது. உணவுக்குழாய் சேர்ந்து கிழிந்தாலோ, நெஞ்சுக்குள் சீழ் பிடித்தாலோ உடனே கத்தி. மற்றபடி மூச்சு நிலையாக இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்துக் கவனிக்கலாம்.

சேலம் மாமா: தப்பு யாருடையது?

பாப்பா: போட்ட குழாயின் நுனிக்கருகில் இருக்கும் பலூனை அதிகம் ஊதினாலும் கிழியும், கவனமாகப் போட்டாலும் சில சமயம் கிழியும். அதை அப்புறம் கேட்போம். இப்போது இருமல்தான் எதிரி. இருமினால் காற்று கிழிசல் வழியாக வெளியே தள்ளும். யாரும் போய்ப் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

அண்ணன்: சரி. வீக்கம் கோட்டைத் தாண்டினால் உடனே போடுகிறேன். சில நாள் கழித்து மறுபடி பிராங்கோஸ்கோபி பார்ப்பார்களாம்.

சித்தி: நான் இட்லி கொண்டு வரட்டுமா?

அண்ணன்: அம்மாவுக்கு இன்று வாய்வழியாக ஒன்றும் கிடையாது சித்தி. அப்பாதான் காலையிலிருந்து சாப்பிடவில்லை, அவருக்குக் கொண்டு வாருங்கள்.