செல்லாத நோட்டு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்

யாங்கோனிலிருந்து:

நாங்க பர்மாத் தமிழர். எங்க வீட்டில் யாரும் அரசியல் பேசினதில்லை. ஆனா அப்பத்தா கைக்குப் பணம் வந்தா ரெண்டே நாளில் அது பவுனாகவோ அரிசி மூட்டையாகவோ மாறிடும். "தாளை வீட்டுல தங்கவிடாதடி"ம்பாக.

1964 மார்ச்சில் அய்யா (அப்பாவோட அப்பா) கணக்கெழுதின ஜவுளிக்கடை அரசுடைமையாச்சு. மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. தெருவில் பாதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிட்டாங்க. அய்யா மட்டும் போகல. 1987 செப்டம்பர் 5 அன்னிக்கு மறுபடியும் அடி: 25, 35, 75 மூணும் செல்லாது, மாத்தியும் தரமாட்டோம்னுட்டாங்க. அத்தை கல்யாணத்துக்குச் சேர்த்து வச்சது அத்தனையும் 75 நோட்டு. அதுல பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சான் படம். எங்க சாமி அலமாரியிலயும் முருகனுக்குப் பக்கத்தில் அவர் படந்தான். அதை எடுத்துடலாமான்னு அப்பா கேட்டாராம். "அவுக என்னய்யா செய்வாக, அச்சடிச்சவன் செஞ்சதுக்கு?"ன்னாகளாம் அப்பத்தா.

(பிறகு வந்தது 45, 90 நோட்டு. அப்போ நாட்டை ஆண்ட நே வின்னுக்கு 9 ராசியாம், ரெண்டும் ஒன்பதால வகுபடும். 90-ல் 45 போக மிச்சம் என்னன்னு காய்கறிக்காரம்மா விரல்விட்டு எண்ணினதை அப்பா நடிச்சே காட்டுவார்.)

2020 நவம்பரில் ஓட்டுப் போட்டுட்டு மை விரலோட வந்து நின்னேன். அப்பத்தா விரலைத் தேய்ச்சுப் பார்த்து, "இது அழியுமா?"ன்னு மட்டும் கேட்டாக. மூணு மாசத்தில், பிப்ரவரி 1, ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. ஏடிஎம் வாசலில் விடியக்காலை தொட்டு நின்னும் பணம் வரல. அப்பத்தா பேசாம கழுத்துச் சங்கிலியைக் கழட்டிக் குடுத்தாக. அடகு வச்சுத்தான் அந்த மாசம் ஓடுச்சு.

மோல்மேனிலிருந்து:

எங்க வீடு நேர்மாறு. அப்பா எந்த அரசாங்க ஆபீசுக்குப் போனாலும் செருப்பை வாசலிலேயே விட்டுடுவார். பொறந்தது இங்கதான், ஆனா 1982 குடியுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் அவர் கைக்கு வந்தது நீல அட்டை. முழுக் குடிமகனுக்கு ரோஸ், இணைக் குடிமகனுக்கு நீலம், குடியுரிமை வாங்கினவருக்குப் பச்சை. எனக்கு ரோஸ். என் அட்டையை அவர்தான் பூட்டி வச்சிருந்தார்.

1988-ல் ஜனநாயகம் கேட்டு நடந்த ஊர்வலத்துக்கு மாமா போனப்போ அப்பா கதவைச் சாத்திக்கிட்டார். "ஒண்டவந்த இடத்துல குரல் எதுக்கு?" பயந்தாங்கொள்ளின்னு ரொம்ப நாள் திட்டியிருக்கேன். போன வருஷம் ஒரு ஆபீசில் குமாஸ்தா அலைக்கழிச்சப்போ நான் கத்தினேன், வேலை நடந்துச்சு. வெளிய வந்த பிறகுதான் உறைச்சது: நான் கத்தினது ரோஸ் அட்டையை மேஜைமேல வச்சிட்டு.

ஆனா ஆங் சான் படம் எங்க வீட்டிலயும் இருந்துச்சு, அதுவும் முருகன் பக்கத்தில்தான்! அது சரி, சங்கிலியை மீட்டாச்சா?

யாங்கோனிலிருந்து:

மீட்டுட்டேன். அப்பத்தா தட்டானை வரச்சொல்லி எடை போட்டுப் பார்த்த பிறகுதான் கையில வாங்கிக்கிட்டாக.