ஃபில்டர் டிரைவருக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

செ., சென்னை:

அன்பர்களுக்கு வணக்கம். பள்ளிக் கணினி ஆய்வகங்களுக்கான பழுதுநீக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு ஏற்றியபின் சில கணினிகளில் டிவிடி டிரைவ் காணாமல் போய்விடும். தட்டு வெளியே வரும், விளக்கு எரியும், ஆனால் திரையில் அதற்கான படம் இருக்காது. கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் பிழை எண் 19 அல்லது 39-ம் தெரியும். பல சமயம் இதற்குக் காரணம், முன்பு நிறுவிய டிஸ்க் எழுதும் மென்பொருள் விட்டுச்சென்ற ஃபில்டர் டிரைவர். டிரைவர் என்பது ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருள், ஃபில்டர் டிரைவர் அதோடு சேர்ந்துகொள்ளும் துணை டிரைவர். மென்பொருள் போயிருக்கும், அதன் டிரைவரின் பெயர் மட்டும் விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இடங்களில் தங்கியிருக்கும். விண்டோஸ் அந்தப் பெயருக்குரிய கோப்பைத் தேடும், கிடைக்காது, டிரைவையே தொடங்காமல் விட்டுவிடும். அந்த இரண்டையும் நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிரைவுக்கு 'இயக்ககம்', டிரைவருக்கு 'இயக்கி' என்று முன் அத்தியாயங்களில் போட்டாயிற்று. ஃபில்டர் டிரைவருக்கு என்ன போடலாம்?

ந., கோவை:

வடிகட்டி இயக்கி. இதற்கு ஒரு விவாதமா? ஆனால் 'இயக்கி கிடைக்காததால் இயக்ககம் இயங்கவில்லை' என்று நீங்கள் எழுதப்போகும் வாக்கியத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்புக்குக் கணினி எடுக்கிறேன். பிள்ளைகள் ஒரு 'க'வை விழுங்கிவிட்டுப் படிப்பார்கள், அத்தோடு பாடம் முடிந்தது. டிரைவை வட்டகம் என்று மாற்றக்கூடாதா?

இ., தஞ்சாவூர்:

'வடிகட்டி' தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் வடித்தல் ஒரு வினை, கட்டுதல் ஒரு வினை. துணியைக் கட்டி வடித்த காலத்துச் சொல் அது. கலைச்சொல்லுக்கு ஒற்றை வேர் வேண்டும். 'அரி' இருக்கிறதே! மாணாக்கரைத் தரம் பிரிக்கும் நன்னூல் சூத்திரத்தில் கடைசியாக நிற்பது நெய்யரி. உரைகாரர்கள் அதைப் பன்னாடை என்பார்கள். நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். செ. சொல்லும் டிரைவர் செய்வதும் இதுதானே? மென்பொருள் போயிற்று, கசடு தங்கிற்று. ஆகவே 'அரியி'. அரிசி, அரிகால், கறையான் அரித்தல் எல்லாம் இந்த வேரைச் சுற்றியே வருகின்றன என்பது என் கருத்து. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

தி., யாழ்ப்பாணம்:

ஐயா, எங்கட வீட்டில மா அரிக்கிறது அரிதட்டில்தான், அதனால் வேர் எங்களுக்கு அந்நியமில்லை. ஆனால் 'மேல் அரியி', 'கீழ் அரியி' என்று பாடநூலில் போட்டால் வகுப்பில் என்ன சிரிப்பு எழும் என்று யோசித்துப் பார்த்தீர்களா? அரிப்புக்கு மருந்து கேட்பார்கள். அப்புறம், கையேட்டில் குறுந்தகடு என்று இருக்கிறதா, குறுவட்டு என்று இருக்கிறதா? நாங்கள் இறுவட்டு என்கிறோம்.

மு., சிங்கப்பூர்:

நான் டிரைவர் எழுதிப் பிழைப்பவன். எல்லோரும் ஃபில்டர் என்ற பெயரிலேயே நிற்கிறீர்கள், அது செய்கிற வேலையைப் பாருங்கள். சாதனத்துக்குப் போகும் கோரிக்கைகள் ஓர் அடுக்கின் வழியாக இறங்குகின்றன. நடுவில் அந்தச் சாதனத்தின் முதன்மை டிரைவர். அதற்கு மேலே அமர்வது அப்பர், கீழே அமர்வது லோயர். வரும் கோரிக்கையை அது பார்க்கலாம், மாற்றலாம், தடுக்கலாம், ஒன்றும் செய்யாமல் அப்படியே கடத்தியும் விடலாம். எதையும் வடிக்காத ஃபில்டர்கள் ஏராளம். என் பரிந்துரை: இடையியக்கி.

இ., தஞ்சாவூர்:

மு. அறியாமலே தொல்காப்பியரிடம் வந்து சேர்ந்திருக்கிறார்! இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடக்கும், தனக்கென்று இயல்பு கிடையாது. சொல்லுக்கு முன்னும் வரும், பின்னும் வரும். மேலும் கீழும் அமரும் இந்த டிரைவருக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? 'அரியி'யை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். கைவிடவில்லை.

ந., கோவை:

இடைமென்பொருள், இடைமுகம் என்று ஏற்கெனவே இடைக்குக் கூட்டம் அதிகம். பையன் இடையூறு என்றுதான் படிப்பான். இந்த விஷயத்தில் அது தப்பும் இல்லை.

தி., யாழ்ப்பாணம்:

இறுவட்டு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

செ., சென்னை:

பெரியோர்களே, ஒன்றைக் கவனியுங்கள். டிவிடி டிரைவுக்கான ரெஜிஸ்ட்ரிப் பிரிவு 4டி36இ965 என்று தொடங்குகிறது. ஹார்டு டிஸ்குக்கானது 4டி36இ967. கடைசி எண் மட்டும்தான் வேறு. அங்கேயும் அப்பர்ஃபில்டர்ஸ் உண்டு. அதிலிருப்பது வட்டின் பகுதிகளைக் கவனிக்கும் டிரைவர். அதை நீக்கினால் கணினியே எழாமல் போகலாம். ஆசிரியர் கையேட்டைப் பார்த்துப் பார்த்துத் திரையில் தேடப்போவது 'அப்பர்ஃபில்டர்ஸ்' என்ற எழுத்துகளைத்தான். நாம் வைக்கும் சொல் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும்.

மு., சிங்கப்பூர்:

அப்படியானால் வடிகட்டி இருக்கட்டும். பொருள் முழுதாகப் பொருந்தாவிட்டாலும் ஃபில்டர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அதுதான். இடையியக்கியைச் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகச் சேருங்கள்.

ந., கோவை:

ஆமோதிக்கிறேன். வட்டகம் என்ன ஆயிற்று?

செ., சென்னை:

முன் அத்தியாயங்கள் பக்க அமைப்புக்குப் போய்விட்டன. இயக்ககம்தான். அந்த வாக்கியத்தை மட்டும் 'வடிகட்டி இயக்கியின் கோப்பு இல்லாததால் டிவிடி இயக்ககத்தை விண்டோஸ் தொடங்கவில்லை' என்று பிரித்து எழுதியிருக்கிறேன். 'அப்பர்ஃபில்டர்ஸ்' திரையில் உள்ளபடியே வரும், பக்கத்திலேயே 965-ஐச் சரிபார்க்கச் சொல்லும் எச்சரிக்கைக் கட்டம். குறுந்தகடு, இறுவட்டு இரண்டையும் சொற்பட்டியலில் போட்டுவிட்டேன். கோப்பை அனுப்பியாயிற்று. அனைவருக்கும் நன்றி.

இ., தஞ்சாவூர்:

என் மறுப்பைப் பதிவு செய்யவும். 'வடிகட்டி' கருவிப்பெயரா, வினைமுதற்பெயரா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. 'அரி' பற்றிய மடல் பாதி தயார், ஞாயிறன்று வரும்.

தி., யாழ்ப்பாணம்:

சொற்பட்டியலில் இறுவட்டை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். ஏன்?